கழுத்துல அழுக்கு இல்ல ஆச்சி!

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். பேரனின் கழுத்தில் பயத்தமாவைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோனார் ஆச்சி. கறுப்பு போகவில்லை. "ஒழுங்கா குளிக்கவே மாட்டியால?" என்று அதட்டல் வேறு.

நாசரேத்தில் வசிக்கும் அந்தப் பத்து வயதுப் பையனைக் காய்ச்சலுக்காக டாக்டரிடம் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. எடை கூடிய குழந்தைகளுக்குக் கழுத்து மடிப்பு தடித்துக் கறுத்தால், உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம். பின்னாளில் சர்க்கரை நோய் வரும் ஆபத்தும் உண்டு. அப்பாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை. அம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

பையனை விட்டுவிட்டு வீட்டைப் பற்றியே கேட்டார் டாக்டர். பதில் சொல்லச் சொல்ல அம்மாவுக்கே புரிந்தது. அப்பா கடையடைத்து வர ராத்திரி பத்து மணி. கையில் பரோட்டா பார்சல். அதற்காகவே பையன் தூங்காமல் காத்திருப்பான். ஞாயிறு ஆராதனை முடிந்தால் மக்ரூன். செல்போன் இருந்தால்தான் சோறு இறங்கும். தட்டில் மிச்சம் வைத்தால் ஆச்சிக்குப் பொறுக்காது. சிறு வயதில் பசியோடு படுத்தவர் அவர்.

"சீனி கிடையாது டாக்டர், உடன்குடி கருப்பட்டிதான் போடுறோம்" என்றார் அம்மா. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதானே!

தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16-ல் 2.1 சதவிகிதம், 2019-21-ல் 3.4 சதவிகிதம். பள்ளி வயதுக் குழந்தைகள் தினமும் சராசரியாக 60 நிமிடங்களாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"வளர்ற பிள்ளையைப் பட்டினி போடாதீங்க. எடை மேல ஏறாம இருந்தாலே போதும், உயரம் கூடக் கூட சரியாகிடும். ஆனா, வீடே மாறணும்" என்று அனுப்பினார் டாக்டர்.

இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு மாறியது. சாப்பிடும்போது யார் கையிலும் செல்போன் இல்லை. முதல் வாரம் அப்பா மட்டும் கடையிலேயே பரோட்டாவை முடித்துவிட்டு வந்தார். "அப்பா, சட்டையில சால்னா வாசனை!" என்றான் பையன். அதோடு அதுவும் நின்றது. இப்போது கடை திறக்கும் முன், அப்பாவும் மகனும் ரயில்வே ஸ்டேஷன் வரை நடக்கிறார்கள்.

கஷ்டப்பட்டது ஆச்சிதான். "இன்னும் ரெண்டு இட்லி" என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிக்கொண்டு, "வயிறு நெறஞ்சிட்டா மக்கா?" என்று மட்டும் கேட்கிறார்.

கழுத்துக் கறுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆச்சி தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.