விடுதலைப் பத்திரம்

விடுதலை! எத்துணை இனிய சொல்! செவியில் விழுந்ததும் நெஞ்சை நிமிரச் செய்யும் சொல். அந்தச் சொல்லை முத்திரைத்தாளின் தலைப்பிலே கண்டு, நாம் தலைகுனிந்த கதை ஒன்றுண்டு. வெட்கத்தோடுதான் அதனை எழுதுகிறோம்.

பலாவும் முந்திரியும் செழிக்கும் பண்ருட்டிச் செம்மண்ணில், எம் தந்தையார் தம் உழைப்பால் வாங்கிய சிறு தோப்பு ஒன்று இருந்தது. உயில் எழுதாமலே அவர் மறைந்தார். கூரை வீட்டைக் காரை வீடாக்கத் தோப்பை விற்பதென்று குடும்பம் முடிவு செய்தது. வாங்க வந்தவர், நெய்வேலிச் சுரங்கத்திலே உழைத்து ஓய்வு பெற்ற தொழிலாளி. நகரியத்துக் குடியிருப்பு நிறுவனத்துக்குச் சொந்தம். பணி முடிந்தால் வீட்டையும் விட்டு வெளியேற வேண்டும். நாட்டுக்கு விளக்கேற்றப் பழுப்பு நிலக்கரி வெட்டியவர், தம் வீட்டு விளக்கை ஏற்ற ஒரு துண்டு நிலம் தேடி வந்தார். பணிக்கொடைப் பணம் முழுவதையும் ஒரு கிரயப் பத்திரத்தை நம்பிக் கொட்ட இருந்தார்.

அவருடைய வழக்கறிஞர் கருத்துள்ளவர். தாய்ப்பத்திரம் கேட்டார், பட்டா கேட்டார், முப்பதாண்டு வில்லங்கச் சான்று கேட்டார். பின்னர், வாரிசுச் சான்றும் வேண்டும் என்றார். ஏன்? வில்லங்கச் சான்று, பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பட்டா, வருவாய்த் துறையின் கணக்கு. உரிமைக்கு அதுவே முடிந்த முடிபன்று. எந்தப் பத்திரத்திலும் பெயர் ஏறாத மகளின் பங்கு, இவ்விரண்டிலும் தெரியாது!

வாரிசுச் சான்றில் மூன்று பெயர்கள்: அன்னையார், தமக்கையார், நாம். "மூவருக்கும் சரிபங்கு. மூவரும் சேர்ந்து கிரயம் எழுதிக் கொடுக்கலாம். அல்லது மகள் முன்னதாக ஒரு விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம்" என்றார் வழக்கறிஞர். இரண்டு வழி சொன்னார். உறவினர் காதிலே ஒரு வழிதான் விழுந்தது!

"நகை போட்டோம், சீர் செய்தோம், இன்னும் என்ன பங்கு?" என்றார் மாமா. அன்னையார் வாய் திறக்கவில்லை. நாம்? ஒரு திங்களுக்கு முன்தான் மாணவர் கூட்டமொன்றில், 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் இயற்றியதை முழங்கிவிட்டு வந்திருந்தோம். மேடையிலே முழங்கிய நா, வீட்டுத் திண்ணையிலே மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பங்கு எமக்கல்லவா வருகிறது! கொள்கை பேசுவோன் பையிலே காசு விழும்போது, கொள்கை சற்றுக் கண்ணயர்கிறது தோழர்களே!

முகூர்த்த நாள் பார்த்துப் பத்திரம் பதியச் சென்றோம். அத்தகைய நாட்களில் கூட்டம் மிகுவதால், பதிவுத் துறையே கூடுதலாக முன்பதிவுச் சீட்டு வழங்கும் நாடு இது! போதாக்குறைக்கு, இராகு காலம் கழியட்டும் என்று மாமா எல்லோரையும் பத்திர எழுத்தர் கடையிலே உட்கார வைத்தார். பொழுது போகாமல் விடுதலைப் பத்திரத்தைக் கையிலெடுத்தோம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தமக்கைக்கு அதனைப் படித்துக் காட்டினோம். இராகு காலத்துக்கு நாம் நன்றி கூறவேண்டிய நாள் அது ஒன்றுதான்!

"எனக்குரிய பாகத்துக்கான தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, யாருடைய தூண்டுதலுமின்றி மனப்பூர்வமாக..." என்ற இடத்தில் எம் குரல் தடைப்பட்டது. எந்தத் தொகை? யார் கொடுத்தது? எந்த மனப்பூர்வம்?

"அக்கா, உனக்கு இதில் சம்மதமா?" என்று கேட்டோம்.

"போடாவிட்டால் அம்மா வீட்டு வாசலை மிதிக்க விடுவார்களா, தம்பி?" என்றார்.

ரேகை வைத்துப் பார்க்கச் சொன்னார் எழுத்தர். மையில் தோய்த்த பெருவிரல் தாளில் பதிந்தது. ரேகை தெளிவாக விழவில்லை. முந்திரிக் கொட்டை உடைத்து உடைத்து, அதன் ஓட்டு எண்ணெய் அரித்த விரல் அது. அந்தக் கூலியில்தான் நாம் கல்லூரிக்குக் கட்டணம் கட்டினோம். எமக்குப் பட்டம் தந்த விரல், தன் பங்கையும் தந்துவிட நீண்டிருந்தது!

சட்டம் இல்லையா? இருக்கிறது. உயிலின்றி இறந்த இந்துத் தந்தை தாமே ஈட்டிய சொத்தில், மகனோடு மகளுக்கும் சமபங்கு என்பது 1956 சூன் 17 முதல் நடப்பிலுள்ள சட்டம். நெய்வேலி நிறுவனம் பிறந்த ஆண்டும் அதுவே! மண்ணுக்கடியில் கிடந்த கரியை வெளியே கொணர்ந்தோம். பெண்ணின் பங்கை மட்டும் புதைத்தே வைத்தோம். பரம்பரைச் சொத்திலும் மகள் பங்காளி என்று 1989 மார்ச்சு 25 முதல் செல்லத்தக்கதாகத் திருத்தம் செய்தது கலைஞர் அரசு. அதற்கு முன்பே மணமானவர்க்கு அதில் இடமில்லாதிருந்தது. 2005-இல் நடுவணரசின் திருத்தம் அக்குறையைப் போக்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. இத்தனை ஆண்டுப் போராட்டம் தந்ததை, ஒரு பெருவிரல் ஒரு நொடியில் திருப்பித் தந்துவிடுகிறது!

அந்தத் தாளைக் கிழித்தோம். மூவர் பெயரிலும் கிரயப் பத்திரம் எழுதச் சொன்னோம். தொகையை மூன்று வங்கிக் கணக்குகளில் தனித்தனியே செலுத்துமாறு வேண்டினோம். மாமா எழுந்து போனார். இன்றளவும் எம்மோடு பேசுவதில்லை. எம் வீட்டுச் சுவருக்குப் பூச்சு வேலை இன்னும் நடக்கவில்லை. வருந்தவில்லை. எம்முடையதல்லாதது எம்மிடம் வரவில்லை, அவ்வளவே. மகிழ்ந்தவர் அந்தச் சுரங்கத் தொழிலாளிதான். மகளை மறைத்து விற்றால் மகளின் பங்கு வாங்குபவருக்குச் சேராது. அவர் சேமிப்பு நீதிமன்றப் படிகளிலே தேயும். பெண்ணுக்கு நீதி செய்வதே வாங்குபவருக்கும் காப்பு என்பதை அன்று கண்டோம்.

தோழர்களே! உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் இந்தத் தாள் வரும். அதைச் சகோதரியிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். பெற்றதாக எழுதியிருக்கும் தொகையை உண்மையிலேயே பெற்றாரா என்று கேளுங்கள். பங்கைக் கேட்டாலும் பிறந்த வீட்டுக் கதவு திறந்தேயிருக்கும் என்று முதலில் உறுதி கூறுங்கள். அதன் பிறகும் அவராக விரும்பிக் கொடுத்தால், அது கொடை. அதற்கு முன் வாங்குவது பறிப்பு.

அடுத்த பொங்கலன்று தமக்கையார் வந்தார். வாசலிலே ஒரு கணம் தயங்கி நின்றார். அன்னையார் எழுந்து சென்று, கையைப் பற்றி உள்ளே அழைத்து வந்தார். விடுதலை என்ற சொல்லுக்கு எம் வீட்டில் பொருள் விளங்கியது அன்றுதான்.