தெப்பக்குளத்தில் ஒரு பொய்க் கோபுரம்!

மதுரைக்கு வந்தா என்ன பண்ணுவீங்க? மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மஹால் தூணைக் கட்டிப்பிடிச்சு ஒரு போட்டோ, கடைசியா ஒரு ஜிகர்தண்டா. அவ்வளவுதானே? அடுத்த தடவை ஒரு சாயங்காலத்தை மிச்சம் பண்ணி வையுங்க. பெரியார் பஸ் ஸ்டாண்டில் 'தெப்பக்குளம்' போர்டு பார்த்து ஏறுங்க. காமராஜர் சாலையில் கிழக்கே போய்க்கிட்டே இருந்தா, நெரிசல் சட்டுன்னு விலகி, ஒரு பெரிய வெட்டவெளி வரும். இறங்கிடுங்க. அதுதான் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம்!

ஒரு பக்கமே கிட்டத்தட்ட 1000 அடி. சுத்தி ஒரு ரவுண்டு நடந்தா சாப்பிட்ட பரோட்டா ஜீரணம் ஆகிடும். நட்டநடுவில் தீவு மாதிரி கல் மேடை, அதுமேல மரங்கள், கோபுரத்தோட மைய மண்டபம், நாலு மூலைக்கும் நாலு குட்டி மண்டபம். 1623-லிருந்து 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் வெட்டினது. மஹால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் குளமாச்சுன்னு ஊருக்குள்ள சொல்வாங்க. மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கிற முக்குறுணிப் பிள்ளையார், இங்கே தோண்டும்போதுதான் கிடைச்சாராம். தைப்பூசத்தன்னிக்கு மீனாட்சியும் சுந்தரேஸ்வரரும் தெப்பத்தில் ஏறி இந்தக் குளத்தைச் சுத்தி வருவாங்க.

சரி, இது டூரிஸ்ட் கைடு வேலை. நான் உங்களை இங்கே கூட்டிட்டு வந்தது வேற மேட்டருக்கு. நான் ஒரு காலத்தில் இந்தக் குளத்துக்குத் தண்ணி விட்டவன்! வைகையிலிருந்து இல்லீங்க... ஃபோட்டோஷாப்பிலிருந்து.

ரெண்டே நிமிஷத்தில் தண்ணி!

நான் காலேஜ் படிச்சப்போ குளத்தில் சொட்டுத் தண்ணி கிடையாது. வைகையிலிருந்து வரவேண்டிய கால்வாய் அடைஞ்சு கிடந்தது. குளத்துக்குள்ள ஒரே நேரத்தில் பத்து கிரிக்கெட் மேட்ச் நடக்கும். யார் பந்து யார் ஃபீல்டருக்குப் போகுதுன்னே தெரியாது. தெப்பத் திருவிழாவுக்குக்கூட தெப்பம் மிதக்காத வருஷங்கள் உண்டு.

அந்தச் சமயத்தில் எங்க டிபார்ட்மென்ட் மலருக்கு அட்டைப்படம் பண்ற பொறுப்பு என்கிட்ட வந்தது. பக்கத்துத் தெரு நண்பன் வீட்டு மொட்டை மாடியில் ஏறி, மொத்தக் குளமும் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்தேன். மண்டபம் சூப்பர். ஆனா கீழே வெறும் புழுதி, மூணு ஸ்டம்ப்!

விடுவோமா? மண்டபத்தை மட்டும் வெட்டி ஒரு டூப்ளிகேட் லேயர். 'ஃப்ளிப் வெர்ட்டிக்கல்' போட்டுத் தலைகீழாக் கவிழ்த்தேன். கீழே இழுத்து ஒட்டவெச்சேன். ஓப்பாசிட்டியைக் குறைச்சேன். லேசா நீலம், கொஞ்சம் அலை. முடிஞ்சது! குளம் தளும்புது. பிரின்சிபாலே கூப்பிட்டுக் கைகுலுக்கினார்னா பார்த்துக்குங்க.

பெருமை தாங்கல. குளத்தங்கரையில் வழக்கமா நாங்க வேர்க்கடலை வாங்குற தாத்தாகிட்ட மலரைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது தண்ணி இல்லியே?"

"ஏன் தாத்தா?"

"தண்ணி நிக்கையில நான் பாத்திருக்கேன்ல. மேடைத் தரை எப்படிப்பா தண்ணிக்குள்ள தெரியும்? கோபுரமும் இம்புட்டுத் தெரியாது. செவுரு மறைச்சுப்புடும்."

எனக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. அவர் அதோட விடல. மலரை மடிச்சுக் கையில் கொடுத்துட்டு, சாவகாசமா ஒண்ணு சொன்னார்.

"படத்துலயே தண்ணி வந்துருச்சுன்னா, குளத்துல தண்ணி இல்லேன்னு இனிமே எவன்ப்பா கேப்பான்?"

கடலைப் பொட்டலத்துக்குக் காசு கொடுக்கக்கூட மறந்துட்டு வந்துட்டேன்.

தாத்தா சொன்ன சயின்ஸ்

அந்த ரெண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருவோம். முதல் கேள்விக்கு விடை தெரிஞ்சுக்க இப்பவே ஒரு எக்ஸ்பெரிமென்ட். முகம் பார்க்கிற கண்ணாடியை மேஜையில் படுக்கப் போடுங்க. அதுமேல ஒரு தீப்பெட்டியை வையுங்க. மேலேருந்து சாய்வாப் பாருங்க. தீப்பெட்டியின் மேல்பக்கம் உங்களுக்குத் தெரியுது. கண்ணாடிக்குள்ள இருக்கிற பெட்டியில் அந்த மேல்பக்கம் தெரியுதா? தெரியாது! இப்போ பெட்டியை ஒரு இஞ்ச் தூக்குங்க. கண்ணாடிக்குள்ள அதோட அடிப்பக்கம் தெரியும்.

ரகசியமே இதுதான் பாஸ். பிரதிபலிப்புங்கிறது நீங்க பார்க்கிற படத்தோட தலைகீழ் காப்பி இல்லை. தண்ணிக்குக் கீழே, நீங்க எவ்வளவு உயரத்தில் இருக்கீங்களோ அதே ஆழத்தில், இன்னொரு ஆள் நின்னு அண்ணாந்து பார்த்தா என்ன தெரியுமோ அதுதான் தண்ணியில் தெரியும். நான் எடுத்தது மொட்டை மாடியிலிருந்து. அதனால் மேடையின் தரை எனக்குத் தெரிஞ்சது. கீழேருந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்குத் தரை தெரியுமா? நான் அதையும் சேர்த்துக் கவிழ்த்துட்டேன். தாத்தா கண்ணில் அதுதான் முதலில் பட்டது.

கோபுர மேட்டரும் அதேதான். மைய மண்டபம் மேடையின் விளிம்பில் இல்லை, நல்லா உள்ளே தள்ளி இருக்கு. கீழேருந்து பார்க்கிறவனுக்கு மேடைச் சுவர் குறுக்கே வந்து மண்டபத்தின் அடிப்பாகத்தை மறைச்சிடும். ஸோ, தண்ணியில் கோபுரம் நிஜத்தைவிடக் குட்டையாத் தெரியணும். மூலை மண்டபங்கள் விளிம்பை ஒட்டி இருக்கிறதால் அவ்வளவா வெட்டுப்படாது.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம்

ஃபோட்டோஷாப்தான் வேணும்னு இல்லை. ஓசியில் கிடைக்கிற கிம்ப் போதும். இதை வரிசையாப் பண்ணிப் பாருங்க.

முதலில், 180 டிகிரி சுத்தாதீங்க. முக்கால்வாசிப் பேர் பண்ற தப்பு இது. சுத்தினா இடம் வலமா மாறிடும். மேலே இடதுபக்கம் இருக்கிற மரம், தண்ணியிலும் இடதுபக்கம்தான் தெரியணும். செங்குத்தாக் கவிழ்க்கிற ஃப்ளிப் மட்டும்தான் சரி.

ரெண்டாவது, தொடுற கோடு. பொருளும் பிம்பமும் சந்திக்கிற இடத்தில் ஒரு பிக்சல் இடைவெளி இருந்தாலும் பொருள் அந்தரத்தில் மிதக்கும். தீப்பெட்டி, புஸ்தகம் மாதிரி ரெண்டு பக்கம் தெரியற பொருள்னா மொத்தமாக் கவிழ்த்தா விளிம்பு ஒட்டவே ஒட்டாது. ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியா வெட்டி, தனித்தனியாக் கவிழ்த்து, 'ஸ்க்யூ' வெச்சுச் சாய்ச்சு ஒட்டணும். மேல்பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

மூணாவது, தூரம். யானைமலை மாதிரி ரொம்பத் தள்ளி இருக்கிற பொருள்னா அப்படியே கவிழ்த்தாலும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. நம்ம உயரம் அதுக்கு ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தில் வர வரத்தான் வண்டவாளம் வெளியே வரும்.

நாலாவது, வெளிச்சம். தண்ணியை நேர் மேலேருந்து குனிஞ்சு பார்த்தா, விழற வெளிச்சத்தில் 2 சதவீதம்தான் திரும்பி வரும். அதான் காலடியில் பாசியும் படியும் தெரியுது. தண்ணிப் பரப்போடு 10 டிகிரி சாய்வில் பார்த்தா 35 சதவீதம் திரும்பும். இன்னும் சாயச் சாய கிட்டத்தட்ட முழுக் கண்ணாடி ஆகிடும். அதனால் பிம்பம் அக்கரைப் பக்கம் பளிச்சுன்னும் நம்ம பக்கம் வர வர மங்கியும் இருக்கணும். லேயர் மாஸ்க் போட்டு, அதில் ஒரு கிரேடியன்ட் இழுத்தா வேலை முடிஞ்சது. ஆனா மங்கி வெள்ளையா மறையக்கூடாது, தண்ணியோட சொந்தக் கலருக்குள்ள கரையணும். நான் நீலம் போட்டேனே... தெப்பக்குளத் தண்ணி என்னிக்குங்க நீலமா இருந்தது? பச்சை!

அஞ்சாவது, அலை. ராத்திரியில் குளத்தங்கரை டியூப்லைட்டைத் தண்ணியில் பார்த்திருக்கீங்களா? ஒரு நீளக் கோடா உங்களைப் பார்த்து ஓடி வரும். அலை பிம்பத்தை மேலும் கீழும்தான் அதிகமா இழுக்கும், பக்கவாட்டில் ரொம்பக் கம்மி. ஸோ, சும்மா 'ப்ளர்' போட்டு எல்லாப் பக்கமும் குழப்பாதீங்க. மோஷன் ப்ளர் எடுத்து 90 டிகிரி வையுங்க. இன்னும் நிஜமா வேணும்னா 'டிஸ்ப்ளேஸ்' ஃபில்டர் இருக்கு. கறுப்பு வெள்ளையில் ஒரு அலைப் படம் கொடுத்தா, அதுக்குத் தகுந்த மாதிரி பிம்பத்தை நகர்த்தும். நடுச் சாம்பல் இருக்கிற இடம் நகராது. கறுப்பு ஒரு பக்கம் தள்ளும், வெள்ளை எதிர்ப்பக்கம் தள்ளும். அந்த அலைப் படத்தில் அக்கரை அலை பொடிசா நெருக்கமாவும், இக்கரை அலை பெருசாவும் இருக்கணும். எல்லா அலையும் ஒரே சைஸ்னா அது தண்ணி இல்லை, தகர ஷீட்!

கண்ணாடித் தரைக் காய்ச்சல்

இந்தப் பிம்ப மோகம் ஒரு சமயம் ஊர் உலகத்தையே ஆட்டி வெச்சது. 2007-ல் ஆப்பிள் கம்பெனியின் லெப்பர்ட் சிஸ்டம் வந்தப்போ, திரைக்குக் கீழே ஐகான்கள் எல்லாம் பளபளன்னு கண்ணாடித் தரையில் நின்னுச்சு. அவ்வளவுதான்! செருப்புக்கடை நோட்டீஸிலிருந்து கல்யாண ஆல்பம் வரைக்கும் எல்லாத்துக்கும் கீழே ஒரு பிம்பம். மணமகன், மணமகள் பேருக்குக் கீழேகூட தலைகீழா ஒரு பேர்! 2014-ல் ஆப்பிளே யோசெமிட்டியில் அந்தக் கண்ணாடித் தரையைத் தூக்கிட்டு சாதாரணத் தட்டைக்குத் திரும்பிடுச்சு. நம்ம ஊர் ஃப்ளெக்ஸ் போர்டுகளில் மட்டும் இன்னும் அங்கங்கே மிச்சம் இருக்கு.

அந்தத் தரைப் பிம்பத்துக்கு ஒரு லாஜிக் உண்டு. பாலீஷ் போட்ட தரை முழுசா வழவழப்பு இல்லை. பொருள் தொடுற இடத்தில் பிம்பம் கூர்மையா இருக்கும், விலக விலகக் கலங்கிப் போகும். உங்க வீட்டு டைல்ஸ் மேல ஒரு டம்ளரை வெச்சுப் பாருங்க, புரிஞ்சிடும். தண்ணிக்கு ஒரு சட்டம், தரைக்கு ஒரு சட்டம். ரெண்டையும் குழப்பினா மாட்டிக்குவீங்க.

மறுபடி தெப்பக்குளம்

2020-ஐ ஒட்டி, வைகைத் தண்ணி மறுபடி தெப்பக்குளத்துக்கு வந்தது. கேள்விப்பட்டதும் கிளம்பிப் போனேன். காலையில் ஆறு மணி. காத்தே இல்லை. முதல் வேலையா எங்கே போனேன்னு நினைக்கறீங்க? அதே மொட்டை மாடி!

மைய மண்டபம் தண்ணியில் குட்டையா, கால் வெட்டுப்பட்டு நின்னுச்சு. மேடைத் தரை மருந்துக்குக்கூட இல்லை. மூலை மண்டபங்கள் தண்ணிக்குள்ள கோபுரத்தோட போட்டி போடுற உயரத்துக்கு வந்திருந்தது. தண்ணி பச்சை. தாத்தா சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. அவர் வழக்கமா உட்காருற இடத்தில் வேற ஒருத்தர் சுண்டல் விக்கிறார். விசாரிச்சேன், தெரியலைன்னுட்டார். அந்தக் கடலைக் காசு இன்னும் என்கிட்டதான் இருக்கு.

அவரோட ரெண்டாவது கேள்வியை அன்னிக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து யோசிச்சேன். என் படம் அழகாத்தான் இருந்தது. ஆனா அதைப் பார்த்த வெளியூர் ஆளுக்கு, மதுரையில் ஒரு குளம் காய்ஞ்சு கிடக்குங்கிற நியூஸ் போய்ச் சேராது. 'ஆஹா, எவ்வளவு தண்ணி!'ன்னுட்டுப் பக்கத்தைப் புரட்டிடுவார். அந்த மூணு ஸ்டம்பும் புழுதியும்தான் அந்த வருஷத்துக்கான சாட்சி. நான் சாட்சியைக் கலைச்சுட்டேன்.

அப்போ எடிட்டிங்கே தப்பா? சேச்சே! சோப்பு டப்பாவுக்குக் கீழே பிம்பம் போடுங்க, யாருக்கும் நஷ்டமில்லை. கதைப் புஸ்தக அட்டையில் ஒரு கடலையே கொண்டு வந்து நிறுத்துங்க. ஆனா நிஜ ஊர், நிஜ குளம், நிஜ நியூஸ்னு வந்துட்டா ஒரு வரி கீழே போட்டுடுங்க: 'இதில் தண்ணீர் வரையப்பட்டது'. அந்த ஒரு வரியை நான் அன்னிக்குப் போட்டிருந்தா, தாத்தா சிரிச்சிருப்பார். இன்னிக்கு ஏ.ஐ.கிட்ட ஒரு வார்த்தை சொன்னாலே காய்ஞ்ச குளம் ரொம்பிடுது. அந்த வரிக்கு இப்போ வேலை இன்னும் ஜாஸ்தி!

என்கிட்ட இப்போ ரெண்டு படமும் இருக்கு. புழுதிக் குளம் ஒண்ணு, தண்ணிக் குளம் ஒண்ணு. ரெண்டும் அதே மாடி, அதே கோணம். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வெச்சா என் ஃபோட்டோஷாப் படத்தைவிட நூறு மடங்கு பேசுது.

நீங்களும் ஒரு ஞாயித்துக்கிழமை கிளம்புங்க. மதுரைதான்னு இல்லை, உங்க ஊரிலும் ஒரு குளம் இருக்கும். தண்ணி இருந்தா, பிம்பத்தில் எது தெரியுது, எது மறையுதுன்னு ஒரு நோட்டில் வரைஞ்சு பாருங்க. எந்த டுடோரியலும் அந்தளவுக்குக் கத்துக்கொடுக்காது. தண்ணி இல்லையா? அப்படியே எடுங்க, ஸ்டம்பையும் சேர்த்து. தேதி போட்டு வையுங்க.

அப்புறம்... கரையில் கடலை வாங்கினா, காசை மறக்காமக் கொடுத்துடுங்க!