பழையதும் வாங்கலாம், பார்த்து வாங்கலாம்!

காரைக்குடிப் பக்கம் போகிறவர்கள் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, செட்டிநாட்டுச் சாப்பாட்டை ஒரு கை பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். ஆனால் பெண்களாகிய நாம் எட்டிப் பார்க்க வேண்டிய இடம் அங்கே இன்னொன்று உண்டு. அதுதான் முனீஸ்வரன் கோயில் தெரு. தெருவில் வரிசையாகப் பழைய சாமான் கடைகள்! தேக்குத் தூண், கதவு நிலை, பித்தளை அண்டா, ஊறுகாய் ஜாடி, ரவிவர்மா படம், எனாமல் தூக்கு என்று வாசல் வரைக்கும் கொட்டிக் கிடக்கும்.

இவ்வளவு சாமான் எங்கிருந்து வந்தது என்று கேட்காதவர்கள் இல்லை. நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து தொழில் செய்தவர்கள். போன இடங்களிலிருந்து வீட்டுக்கும், பெண்ணுக்குச் சீர் வைக்கவும் பாத்திர பண்டங்களைச் சேர்த்தார்கள். சுவீடன், ஜப்பான் என்று அடியில் முத்திரை குத்திய எனாமல் சாமான்கள்கூட இந்த வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. பிறகு 1942-ல் ஜப்பான்காரர்கள் பர்மாவைப் பிடித்தபோது தொழிலெல்லாம் ஆட்டம் கண்டது. பெரிய வீடுகளுக்குப் பங்காளிகள் பெருகினார்கள். பாகம் பிரிந்ததும், பராமரிக்க முடியாமல் வீடுகளை இடித்ததுமாக, உள்ளே இருந்த சாமான்கள் கடைத்தெருவுக்கு வந்துவிட்டன.

எங்கள் பேத்திக்கு ஒரு வயது நிறைந்ததும் திருச்சியிலிருந்து காரில் கிளம்பினோம். நான், என் கணவர், மாமியார், மகள், குழந்தை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. திருமயத்தில் கோட்டை பைரவருக்கு ஒரு கும்பிடு, பிள்ளையார்பட்டியில் அர்ச்சனை. அங்கிருந்து காரைக்குடிக்கு வந்து, சாப்பிட்ட கையோடு இந்தத் தெருவில் நுழைந்தோம். "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் போய், நாம காசு கொடுத்து வாங்குற காலம் வந்துடுச்சு" என்று என் கணவர் முணுமுணுத்தபடி காரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மகளுக்கு ஒரே குறி, ஈயச் சொம்பு. அதில் வைக்கிற ரசத்தின் மணமே தனி என்று கேள்விப்பட்டிருக்கிறாள். குழந்தைக்கும் இப்போதுதான் ரசம் சாதம் பிசைந்து ஊட்ட ஆரம்பித்திருக்கிறோம். மூன்றாவது கடையில் கையடக்கமாக ஒன்று அகப்பட்டது. கடைக்காரர் ரூ.1,200 சொல்லி, அவள் முகத்தைப் பார்த்து ரூ.700-க்கு இறங்கிவிட்டார். அவள் பர்சைத் திறப்பதற்குள் என் மாமியார், "இங்க கொண்டா" என்று சொம்பை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் கைப்பையிலிருந்து அர்ச்சனைச் சீட்டை எடுத்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் சொம்பின் விளிம்பை அழுத்தி இழுத்தார். பென்சிலால் கோடு போட்ட மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று விழுந்தது.

"இது வெள்ளீயம் இல்லேம்மா. காரீயம் கலந்திருக்கு. வேண்டாம்."

மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன அப்பாயி, அந்தக் காலத்துல எல்லாரும் இதுலதானே ரசம் வச்சுக் குடிச்சாங்க? நல்லாத்தானே இருந்தாங்க?"

"நல்லா இருந்தவங்கதான் சொல்றதுக்கு இருக்காங்க" என்றார் மாமியார்.

கடைக்காரரும் நல்ல மனிதர். "ஆச்சி சொல்றது சரிதான். ஷோகேஸ்ல வைக்க எடுத்துக்கங்க, சமையலுக்கு வேண்டாம்" என்று ஒப்புக்கொண்டார். "அடுக்களையில ஒரு பாத்திரம் இருந்தா என்னைக்காவது ஒருநாள் அடுப்புல ஏறிடும்" என்று மாமியார் அதற்கும் தலையாட்டவில்லை. மகள் கொஞ்ச நேரம் எங்கள் யாரோடும் பேசவில்லை.

இந்த விஷயத்தை இளம் தாய்மார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஈயச் சொம்புக்கு உரியது வெள்ளீயம். காரீயம் வேறு உலோகம், விஷம். புளியும் தக்காளியும் கொதிக்கும்போது அது கரைந்து ரசத்தில் இறங்கும். இந்த அளவு வரை பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகிற காரீயத்தைப் பெரியவர்களைப்போல நாலைந்து மடங்கு அதிகமாகச் சின்னக் குழந்தைகளின் உடம்பு இழுத்துக்கொள்ளுமாம். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணியின் உடம்பிலிருந்து வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் போகும். பெரும்பாலும் வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. அதனால்தான் 'சாப்பிட்டவர்கள் நன்றாகத்தானே இருந்தார்கள்' என்ற பேச்சு எடுபடுகிறது.

ஒரே அளவு பாத்திரமென்றால், வெள்ளீயத்தைவிடக் காரீயம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனக்கும். காகிதத்தில் கோடு விழுந்தால் சந்தேகமே வேண்டாம், வைத்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் கோடு விழவில்லை என்பதால் மட்டும் சுத்த வெள்ளீயம் என்று நம்பிவிடக் கூடாது. கலப்பு குறைவாக இருந்தால் கோடு விழாமலும் போகலாம். உலோகம் சோதிக்கும் இடத்தில் காட்டுவதுதான் உறுதி. புதிதாக வாங்கினாலும் 'சுத்த வெள்ளீயம்' என்று எழுதி பில் தருகிற கடையாகப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதனால் ரசத்தை ஊற்றிய பிறகுதான் சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டும், அதுவும் சிறு தீயில்.

மற்ற சாமான்களுக்கும் என் மாமியாரிடம் கைவசம் சோதனைகள் உண்டு. வெண்கலத்தைச் சுண்டினால் மணி போல் ஓசை நீண்டு ஒலிக்க வேண்டும். 'டப்'பென்று அடங்கினால் எங்கோ விரிசல். பித்தளை என்று சொல்லிக் கொடுத்தது காந்தத்தில் ஒட்டினால், உள்ளே இரும்பு, மேலே முலாம். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் உள்பூச்சு தேய்ந்திருந்தால் ஈயம் பூசாமல் சமைக்கக் கூடாது. புளியும் மோரும் பட்டால் களிம்பு ஏறிவிடும். பூசுகிறவரிடமும் வெள்ளீயம்தானா என்று கேட்டு, பக்கத்தில் நின்று பூசி வாங்க வேண்டும். எனாமல் தட்டு பூப்பூவாக ஆசையைக் கிளப்பும். ஆனால் பூச்சு சில்லு பெயர்ந்த தட்டு சாப்பாட்டுக்கு ஆகாது. பழைய எனாமல் வர்ணங்களிலும், பழைய ஜாடிகளின் பளபளப்பிலும் காரீயம் இருக்கக் கூடும். அவற்றைச் சுவரில் மாட்டலாம், செடி வைக்கலாம், ஊறுகாய் வேண்டாம்.

கடைசியில் என்னதான் வாங்கினோம் என்கிறீர்களா? பூச்சு உதிர்ந்த நீல எனாமல் தூக்கு ஒன்று, மணிபிளான்ட் வைக்க. அப்புறம் ஒரு வெண்கலப் பானை, ரூ.2,400. அதன் கழுத்தில் 'மீ. ஆ.' என்று பெயர் வெட்டியிருந்தது. "பாலிஷ் போட்டா எழுத்து போயிடும்க்கா, போட்டுத் தரட்டுமா?" என்று கடைக்காரர் கேட்டார். மாமியார் விரலால் அந்த எழுத்தைத் தடவியபடி, "வேண்டாம்ப்பா. எந்தப் பொண்ணுக்கு அவ அம்மா ஆசையா வெட்டிக் கொடுத்ததோ. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அதற்கு மேல் விலை பேச எனக்கு வாய் வரவில்லை.

மலிவாகக் கிடைத்தது என்பதற்காக ஒரு சாமான் நம் வீட்டுக்கு லாபமாகிவிடாது. அடுப்புக்கா, அலமாரிக்கா என்று தீர்மானித்த பிறகு விலையைக் கேளுங்கள். பானையைக்கூடத் திருச்சியில் ஒரு சோதனைக் கூடத்தில் காட்டி, காரீயக் கலப்பு இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அதில் முதல் பொங்கல் வைத்தோம். குழைய வெந்த அந்தப் பொங்கலை நெய் விட்டு மசித்துக் குழந்தைக்கு முதல் வாய் ஊட்டியது என் மகள்தான். "அப்பாயி, அடுத்த தடவை கடைக்குப் போறப்ப அந்த வெள்ளைக் காகிதத்தை மறக்காம எடுத்துக்குங்க" என்றாள்.