கடைசியில் வருபவரின் வேகம்

ஆகஸ்ட் 12, சிவாஜிநகர்

அதிகாலைத் திருப்பலி முடிந்து புனித மரியன்னை பேராலயத்தை விட்டு வெளியே வந்தபோது, பக்கத்து ரஸ்ஸல் மார்க்கெட்டில் பூ மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. காவி உடுத்திய எங்கள் கூட்டம் மாதா வண்டிக்குப் பின்னால் வரிசை கட்டியது. அலங்கரித்த மினி லாரியில் சேலை உடுத்திய மாதா சொரூபம், ஒலிபெருக்கி, தண்ணீர் கேன்கள், அரிசி மூட்டை, பாய்கள். வேளாங்கண்ணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். 29ஆம் தேதி மாலைக் கொடியேற்றத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும்.

கிளம்புமுன் குழுத் தலைவர் இரண்டே கட்டளை சொன்னார். மாதா வண்டியைத் தாண்டி யாரும் முன்னே போகக்கூடாது. சிவப்பு விளக்கோடு கடைசியில் வரும் அண்ணனுக்குப் பின்னால் யாரும் தங்கக்கூடாது. "கடைசில வர்றவங்க வேகம்தான் நம்ம எல்லாருக்கும் வேகம்" என்றார். அந்த அண்ணனுக்குச் சற்று முன்னே கடைசியாக நடப்பவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாத்தா. பல வருடமாக நடப்பவராம்.

ஓசூர் ரோட்டில் சில்க் போர்டு சந்திப்பைக் கடக்கும்போது, தினமும் அதே இடத்தில் பஸ்ஸுக்குள் நெரிசலில் நிற்கும் ஐ.டி. கம்பெனித் தம்பி ஒருவன் என் பக்கத்தில் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தான்.

ஆகஸ்ட் 15, கிருஷ்ணகிரி

மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. நாட்டின் விடுதலை நாளும் கூட. பாத்திமா அன்னை திருத்தலத்தில் திருப்பலி கண்டோம். வழியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொடியேற்றிய கையோடு எங்களுக்கு மிட்டாய் கொடுத்தார்கள்.

பாதிப் பேருக்குக் கால் கொப்புளித்துவிட்டது. எங்களோடு வரும் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா மண்டபத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறார். ஊசியையும் நூலையும் டெட்டாலில் நனைத்து, கொப்புளத்தின் ஒரு ஓரத்தில் குத்தி மறு ஓரத்தில் வாங்குகிறார். நூலை உள்ளேயே விட்டு இரண்டு பக்கமும் நறுக்கிவிடுகிறார். நூல் வழியே நீர் கசிந்து வடிந்துவிடுகிறது. மேல்தோல் உரியாமல் புண்ணுக்குக் காவலாக இருக்கிறது. ஊர் பேர் தெரியாத மனிதர்களின் புழுதிக் காலை மடியில் தாங்குவதைப் பார்த்தபோது, பெரிய வியாழன் அன்று பீடத்தின் முன் நடக்கும் பாதம் கழுவும் சடங்கின் முழுப் பொருளும் எனக்கு அந்தத் திண்ணையில் விளங்கியது.

இரவு லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் வாசித்தோம். பன்னிரண்டு வயது இயேசு பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போய், அங்கேயே தங்கிவிடுகிறார். சூசையும் மரியாவும் ஒருநாள் வழி நடந்த பிறகுதான் அவரைத் தேடத் தொடங்குகிறார்கள். பிள்ளையை ஒரு பகல் முழுக்கத் தேடாமல் இருந்தார்களே என்று சின்ன வயதில் வியந்திருக்கிறேன். இன்று எங்கள் குழுவின் குழந்தைகளைப் பார்த்தால் புரிகிறது. யார் பிள்ளை யார் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது, யார் சோறு ஊட்டுகிறார்கள் என்று இங்கே யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கூட்டத்தில் இருந்தால் பத்திரமாக இருப்பான் என்று அந்தத் தாய் நம்பினாள். திருக்குடும்பமே கூட்டத்தோடு நடந்த குடும்பம்தான்.

ஆகஸ்ட் 20, திருவண்ணாமலை

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நடக்கிறோம். வெயில் ஏறியதும் பள்ளியிலோ கோயிலிலோ மண்டபத்திலோ படுத்துவிட்டு, மாலையில் மறுபடி கிளம்புகிறோம். செங்கம் சாலையில் ஒரு வீட்டார் பானை நிறைய மோர் கரைத்து வைத்துக் காத்திருந்தார்கள். கிறிஸ்தவர்கள் இல்லை. "மாதாவுக்குப் போறவங்களுக்கு வருசா வருசம் கொடுக்கிறதுதான்" என்றார் அந்த வீட்டு அம்மா. மோர் விற்ற கால் ஊனமுற்ற ஏழைச் சிறுவனுக்குக் காட்சி தந்து நடக்க வைத்தவள் வேளாங்கண்ணி மாதா என்பது மரபு. அந்த மோரை வாங்கிக் குடித்தபோது அந்தச் சிறுவனை நினைத்துக்கொண்டேன்.

அண்ணாமலையை 14 கிலோமீட்டர் சுற்றி வரும் மக்களையும் வழியில் கண்டோம். எங்கள் குழுவிலேயே இந்துக் குடும்பங்கள் உண்டு. காலால் வேண்டுவது இந்த மண்ணுக்குப் பழகிய வழிபாடு. சுவிசேஷம் இங்கே வந்தபோது அதையும் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. அதில் எனக்கு மனநிறைவு உண்டு.

ஆகஸ்ட் 22, செஞ்சி

கோட்டை மலைகள் தெரிந்ததும் பெங்களூர்க்காரர்கள் நாங்கள் நின்றுவிட்டோம். 17ஆம் நூற்றாண்டில் இந்தச் செஞ்சிப் பக்கத்திலிருந்து போன தமிழ்க் கிறிஸ்தவர்கள்தான் இன்றைய சிவாஜிநகர்ப் பகுதியில் குடியேறி வெள்ளை நெல் பயிரிட்டார்கள். அதனால் கன்னடத்தில் பிளி அக்கிப் பள்ளி என்று பெயர் வந்து, அதுவே பிளாக்பள்ளி ஆனது என்பார்கள். அவர்கள் நடுவில் பிரெஞ்சு மறைபணியாளர் அபே துபுவா எழுப்பிய கூரைக் கோயிலுக்குக் காணிக்கை மாதா கோயில் என்று பெயர். இன்று நாம் பார்க்கும் கோதிக் ஆலயம் 1882 செப்டம்பர் 8 அன்று அர்ச்சிக்கப்பட்டது; 1974இல் பேராலயமாக உயர்ந்தது.

பிழைப்புக்காக நம் முன்னோர் நடந்த பாதையில் நாங்கள் எதிர்த்திசையில் நன்றி சொல்ல நடக்கிறோம். செஞ்சியில் இன்று சொன்ன ஐம்பத்துமூன்று மணியும் அவர்களுக்காக.

ஆகஸ்ட் 25, கடலூர்

என் வேண்டுதலை இங்கே எழுதி வைக்கிறேன்: என் தம்பி குடியை விட வேண்டும். கிளம்பும்போது அதை யாரிடமும் சொல்லவில்லை. செபமாலையின் ஒவ்வொரு பத்து மணிக்கும் முன்னால் ஒருவர் தன் கருத்தைச் சொல்வது எங்கள் வழக்கம். விழுப்புரம் தாண்டிய இருட்டில் என் முறை வந்தபோது வாய்விட்டுச் சொன்னேன். மறுநாள் முதல் நான் கேட்காமலே அவன் பெயரைச் சொல்லிப் பலரும் வேண்டுகிறார்கள். ஐ.டி. தம்பியின் அம்மா டயாலிசிஸில் இருக்கிறார். அவருக்காக வேண்டும்போது என் தம்பியைப் பற்றிய கவலை சற்று நேரம் என்னை விட்டு இறங்குகிறது.

பிரான்சில் 1912இல் கவிஞர் சார்ல் பெகி, நோயுற்ற மகனுக்காகப் பாரிஸ் பக்கமிருந்து சார்த்ர் மாதா ஆலயத்துக்கு நடந்தார். ஒரு தகப்பனின் நேர்த்திக்கடன். பின்னாளில் மாணவர்கள் அந்த வழியில் நடந்தார்கள். இன்று பெந்தகோஸ்தே விழாவை ஒட்டி ஆயிரக்கணக்கானோர் மூன்று நாளில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நடக்கிறார்கள். அங்கும் இங்கும் ஒன்றே நடக்கிறது: தனி ஒருவரின் கண்ணீராகத் தொடங்கியது ஊரின் செபமாகிவிடுகிறது.

ஆகஸ்ட் 28, தரங்கம்பாடி

தாத்தாவுக்கு முட்டி வீங்கிவிட்டது. வண்டியில் ஏறச் சொன்னால் மறுக்கிறார். குழு முழுக்க நடையைக் குறைத்துக்கொண்டது. கொள்ளிடம் பாலத்தைக் கடக்க வழக்கத்தைவிட வெகுநேரம் ஆனது. வேகமாக நடக்கும் இளைஞர்களுக்கு இதுவே பெரிய தவம். பட்டினியையும் வெயிலையும் தாங்கியவர்களுக்குக் கூட இது எளிதில் வரவில்லை. நடையை அடக்கிப் பழகியபின் அவர்களே முறைவைத்துத் தாத்தாவுக்குத் தோள் கொடுத்தார்கள்.

எங்களோடு வரும் சி.எஸ்.ஐ. சபை நண்பருக்கு இது முக்கியமான ஊர். 1706இல் லூத்தரன் மறைபணியாளர் சீகன்பால்கு வந்திறங்கிய கரை. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718 முதல் நிற்கிறது. "லூத்தர் இந்த மாதிரி யாத்திரைகளைக் கடுமையாகக் கண்டித்தவர், கடவுள் எங்கும் இருக்கும்போது ஏன் நடக்க வேண்டும் என்று என் சபையில் கேட்டார்கள்" என்றார். நல்ல கேள்வி. அருளை விலை கொடுத்து வாங்க நடந்தால் லூத்தர் சொன்னதே சரி. நண்பரே தொடர்ந்து சொன்னார்: எங்கள் கிருஷ்ண பிள்ளை 1894இல் ஒரு காப்பியமே எழுதி அதற்கு 'இரட்சணிய யாத்திரிகம்' என்று பெயர் வைத்தார், விசுவாச வாழ்வே யாத்திரை என்றால், அதை வருடத்துக்கு ஒருமுறை காலுக்கும் கற்றுக்கொடுப்பது தப்பாகாது. இரண்டு சபைக்காரர்களும் அதில் ஒத்துப்போனோம்.

ஆகஸ்ட் 29, வேளாங்கண்ணி

நாகப்பட்டினத்தில் நின்று, 2004 சுனாமியில் மாண்டவர்களுக்காக மன்றாடினோம். இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர். வேளாங்கண்ணிக் கடற்கரையில் இறந்த திருப்பயணிகளும் அவர்களில் உண்டு.

மாலையில் கொடி ஏறியது. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், கொங்கணி என்று எத்தனையோ மொழியில் செபம். 1962இல் பேராலயமான இந்த இடத்துக்குப் பிற சமயத்தாரும் ஆறுதல் தேடி வருவதை, 2024 ஆகஸ்டில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை எழுதிய மடல் மகிழ்ச்சியோடு குறிப்பிட்டது. அதைப் பாதை நெடுகக் கண்ணால் கண்டேன். தாத்தா எல்லோருக்கும் நடுவில் நடந்து வாசல் சேர்ந்தார்.

தம்பி குடியை விடுவானா என்று இன்று எனக்குத் தெரியாது. ஆனால் அவனுக்காக வேண்டும் மனிதர்கள் இப்போது பெங்களூர் முழுக்க இருக்கிறார்கள். அதையே மாதா தந்த முதல் வரமாக எடுத்துக்கொள்கிறேன்.

கிறிஸ்தவ வாழ்வைத் தனியாக வாழ முயன்று களைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த ஆகஸ்டில் ஏதாவது ஒரு குழுவில் பெயர் கொடுங்கள். இவ்வளவு தூரம் முடியாவிட்டால், நவநாளில் ஒருநாள் அக்கம்பக்கத்து வீட்டார் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு உங்கள் வீட்டிலிருந்து சிவாஜிநகர் கோயிலுக்கு நடங்கள். அந்த ஐவரில் ஒருவராவது மெதுவாக நடப்பவராக இருக்கட்டும். அவர் வேகத்துக்கு நடங்கள்.