பதினேழாவது கேள்வி

பொருளாதாரத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் ஓர் இளைஞர் சென்ற வருஷம் கருக்களாச்சேரியில் பத்து நாட்கள் தங்கியிருந்தார். என் நண்பரின் தம்பி. மீனவக் குடும்பங்களின் கடன்தான் அவருடைய விஷயம். நான் இந்த ஊரில் பிறந்தவன், வங்கிக் குமாஸ்தா, பி.ஏ. ஆங்கிலம். ஆகவே அவருடைய கேள்விப் படிவத்தைத் தமிழாக்கவும், வீடு வீடாக அவரைக் கூட்டிப் போகவும் நானே பொருத்தமானவன் என்று முடிவாயிற்று.

முதல் சிக்கல் 'மாத வருமானம்' என்ற கட்டத்தில் வந்தது. டீசலும் ஐஸும் போக, படகுக்கு ஒரு பங்கு, இஞ்சினுக்கு, வலைக்கு, பிறகு ஆட்களுக்கு என்று பிரியும் பணம். சில நாள் பிரிக்க எதுவுமே இராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வேறு. இதில் மாதம் எங்கே இருக்கிறது? வங்கியின் கடன் மனுவிலும் வருமானக் கட்டம் உண்டு. எதிரே நிற்பவர் திகைத்தால் நானே ஒரு தொகையைச் சொல்வேன். அவர் தலையாட்டுவார். பத்து வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. என் கையெழுத்தில் எத்தனை வருமானங்கள் பிறந்திருக்கின்றன என்று அன்றுதான் யோசித்தேன்.

சாயங்காலங்களில் மணலில் உட்கார்ந்து பேசுவோம். அவருக்கு உதவித்தொகை வந்து ஐந்து மாதமாகியிருந்தது. விடுதிச் சாப்பாட்டுக் கணக்கை ஒரு நண்பன் கட்டிக்கொண்டிருந்தான். வழிகாட்டிக்கு இருநூறு குடும்பங்கள் வேண்டும். நூற்றைம்பதோடு போனால் மாதிரி போதாது என்பார். பத்திரிகையில் கட்டுரை வராத ஆராய்ச்சியாளன் இருந்தும் இல்லாதவன். "ஊர்க் கடனையெல்லாம் கேட்டு எழுதுறேன் சார், என் கடனை எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை" என்று ஒருநாள் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர்தான் கில்பர்ட் ஸ்லேட்டரைப் பற்றிச் சொன்னார். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உங்கள் ஊர்களைப் போய்ப் பாருங்கள் என்று மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். 1918இல் அது நூலாயிற்று. அதில் வரும் பாலக்குறிச்சி, அன்றைய தஞ்சை ஜில்லாவில், இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. நமக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான். அந்த ஊர்களில் சிலவற்றை பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறுபடி ஆராய்ந்து 1940இல் ஒரு நூல் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் ஆராய்ச்சியாளர்கள் அங்கே போனபடி இருக்கிறார்கள். ஊர்க்காரனே ஊரைக் கேட்டெழுதுவது என்ற இந்த யோசனை எனக்கு உடனே பிடித்துப் போயிற்று. பிடிக்காமல் எப்படி? உள்ளிருந்து எழுதுகிறவனுக்கே உண்மை வசப்படும் என்று இதே பக்கங்களில் சண்டை போட்டவன் நான். வெளியிலிருந்து வந்து கிராமத்தை எழுதிய இரண்டு நாவலாசிரியர்களை அந்த ஒரே கோலால் அடித்திருக்கிறேன்.

ஏழாம் நாள் என் அத்தை வீட்டுக்குப் போனோம். அப்பாவுடன் பிறந்தவள். அலுமினியக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு காரைக்கால் தெருக்களில் மீன் விற்பவள். டீ கொடுத்தாள். பதினாறு கேள்விகளுக்கும் தயங்காமல் பதில் சொன்னாள். பதினேழாவது கேள்வி, நிலுவையிலுள்ள கடன். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "கடன் கிடன்லாம் ஒண்ணும் கெடையாது தம்பி. எழுதிக்குங்க."

அவர் 0 என்று எழுதினார்.

நான் பி.ஏ. மூன்றாம் வருஷம் படிக்கையில் அப்பா இல்லை. பரீட்சைப் பணமும் பாக்கிச் சம்பளமும் கட்ட அத்தை தன் தோட்டை அடகு வைத்தாள். போதாமல் ஏலக்காரரிடம் முன்பணமும் வாங்கினாள். அந்தக் கடனை அடைக்க வாரவட்டிக்கு இன்னொன்று, அதை அடைக்கக் குழுக்கடன் என்று பெயர் மாறி மாறி அது இன்னும் உயிரோடு இருக்கிறது. வேலை கிடைத்ததும் கேட்டேன். "அது எப்பவோ அடைஞ்சு போச்சுடா" என்றாள். நான் நம்பவில்லை, நம்பியதுபோல் எழுந்து வந்துவிட்டேன். அவள் காதுகளில் இன்றைக்கும் வேப்பங்குச்சிதான்.

திரும்பும் வழியில் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை. அத்தையின் மானத்தைக் காப்பாற்றுவதாக அப்போது நினைத்துக்கொண்டேன். காப்பாற்றியது என்னுடையதை. அந்தக் கடனுக்கு உள்ளபடி ஒரு பெயர் எழுத வேண்டுமென்றால் என் பெயரைத்தான் எழுத வேண்டும்.

அந்த இளைஞர் தனியாகப் போயிருந்தால் அத்தை சொல்லியிருப்பாள் என்றே இப்போது தோன்றுகிறது. வந்து போகிற அந்நியனிடம் சொல்லிவிடலாம். அவன் பஸ் ஏறிவிடுவான். அவள் பொய் சொன்னது நான் பக்கத்தில் இருந்ததால். உள்ளே இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்பது சரி. அவனைப் பார்த்ததும் வாய் மூடிக்கொள்கிற விஷயங்களும் உண்டு என்பது என் விமர்சனத்தில் இதுவரை இல்லை. ஸ்லேட்டரின் மாணவர்களில் யாராவது தன் வீட்டு வாசலில் அந்தப் பட்டியலோடு நின்றிருப்பானா, நின்றிருந்தால் கடன் கட்டத்தில் என்ன எழுதியிருப்பான் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை ஆங்கிலம் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். குடும்பக் கடனின் சராசரி ஓர் அட்டவணையில் இருந்தது. அத்தையின் பூஜ்யமும் அதற்குள் எங்கோ சேர்ந்து அதைக் கொஞ்சம் கீழே இழுத்திருக்கும். நான் கமாக்களைத் திருத்தி அனுப்பினேன்.

இங்கே எழுதிவிட்டேன். முந்நூறு பிரதி போகிற பத்திரிகை. அத்தைக்குப் படிக்கத் தெரியாது, அவர் படிக்க மாட்டார். இவ்வளவு பத்திரமான இடத்தைத் தேடிப் பிடித்துச் சொல்வதும் அன்றைக்குச் சொல்லாமல் இருந்ததும் ஒன்றுதானோ என்னவோ. அவருக்கு ஒரு கார்டு வாங்கி வைத்திருக்கிறேன். விலாசம் எழுதியாகிவிட்டது.