எதை 'ஒண்ணு'ன்னு எண்ணுவீங்க?

1/ மருத்துவமனைக்கு சாஃப்ட்வேர் எழுதுறவங்களும், அதுல பேர் பதியுற நீங்களும் படிக்க வேண்டிய த்ரெட் இது. கோடிங் பத்தி இல்ல. கோடிங்குக்கு முன்னாடி, எதை 'ஒண்ணு'ன்னு எண்ணப் போறோம்னு முடிவு பண்றதைப் பத்தி.

2/ மயிலாப்பூர்ல ஒரு அம்மான்னு வெச்சுக்குங்க. மார்புல புற்றுநோய். தி.நகர்ல ஸ்கேன், அடையாறுல பயாப்ஸி, வேற இடத்துல ஆபரேஷன். மூணு இடம், மூணு ஃபைல். ஃபைலை எண்ணினா மூணு நோயாளி. உண்மையில ஒருத்தர்தான்.

3/ இந்தச் சிக்கலைப் பல வருஷமா கையாள்ற இடம் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால 1954ல தொடங்கினது. சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடு 1982ல இருந்து அங்கதான் நடக்குது. ஊழியர்கள் மத்த மருத்துவமனைகளுக்கும் நேர்ல போய் விவரம் எடுப்பாங்க.

4/ இப்படிப்பட்ட பதிவேடு எண்ணுறது ஃபைலை இல்ல, ஆளையும் இல்ல, புற்றுநோயை. மார்புல வந்தது எலும்புக்குப் பரவினா, அது பழைய கேஸ்தான். அதே அம்மாவுக்குப் பின்னால குடல்ல தனியா ஒண்ணு வந்தா, புது கேஸ். 'ஒரு ஆளுக்கு ஒரு புற்று'ன்னு டேபிள் போட்டிருந்தா, ரெண்டாவதை எழுத இடமே இருக்காது. அப்புறம் எவ்வளவு நல்லா கோட் எழுதினாலும் பிரயோஜனம் இல்ல.

5/ அடுத்தது பேர். ஃபார்ம்ல 'லாஸ்ட் நேம்' கேக்கும். நமக்கு இருக்கறது இனிஷியல். கல்யாணத்துக்கு முன்னாடி எஸ். லட்சுமி, அப்புறம் ஆர். லட்சுமி. ரெண்டும் ஒரே ஆளா? பேரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வயசு, முகவரி, நோய் வந்த உறுப்பு எல்லாம் ஒத்துப் போகணும். ரெண்டு லட்சுமியைத் தப்பா ஒண்ணாக்கினா, ஒருத்தரோட மருந்து அலர்ஜி இன்னொருத்தர் ஃபைல்ல போய் உக்காரும். அது உயிர் விஷயம்.

6/ 1994ல லிண்ட்லேண்ட், சிந்த்ரே, சோல்வ்பெர்க்னு மூணு ஆய்வாளர்கள் இந்த மாதிரி வரைபடங்களோட தரத்தைப் பார்க்க ஒரு வழி சொன்னாங்க. சுருக்கமா மூணு கேள்வி: இலக்கணப்படி வரைஞ்சிருக்கா? நிஜத்துல இருக்கறதைச் சரியா, முழுசா சொல்லுதா? பார்க்கிறவங்களுக்குப் புரியுதா? முதல் கேள்வியைக் கம்ப்யூட்டரே சரிபார்த்துடும். மத்த ரெண்டுக்கும் நர்ஸ், ரெக்கார்டு ரூம் ஊழியர் பக்கத்துல உக்காந்து கேட்டாத்தான் பதில் கிடைக்கும்.

7/ உங்க பங்குக்கு: எங்க போனாலும் ஒரே பேர், ஒரே இனிஷியல் குடுங்க. பழைய ஃபைல் நம்பரை போன்ல சேவ் பண்ணி வைங்க. "முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?"ன்னு கவுண்டர்ல கேட்டா சலிச்சுக்காதீங்க. உங்களை ஒரே ஆளா வெச்சிருக்கத்தான் அந்தக் கேள்வி.