அம்மாச்சியின் சுங்குடி

நாலு நாளைக்கு அப்புறம் இன்றுதான் தாண்டிக்குடியில் வெயில். காப்பிக் களத்தோரக் கொடியில் அம்மாச்சியின் சுங்குடிச் சேலை. வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு புள்ளிகூட இன்னொன்றைப் போல இல்லை. துணியை நகத்தால் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்குவார்கள்; அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் புள்ளி. மதுரை சௌராஷ்டிரப் பெண்களின் கைவேலை. 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் கடையில் எனக்குச் சிக்குவதெல்லாம் அச்சுப் புள்ளிதான்!

1970களில் அமெரிக்காவில் மிரியம் ஷபீரோ போன்ற ஓவியர்கள் துண்டுத்துணிகளை ஓவியத்தில் ஒட்டி, பெண்களின் இந்த மாதிரிக் கைவேலையும் அலங்காரமும் கலைதான் என்று மல்லுக்கு நின்றார்கள். அம்மாச்சி இதையெல்லாம் கேள்விப்பட்டதில்லை. “புள்ளி வரிசை தப்பாம இருந்தா அது மிசினுடா” என்று மட்டும் சொல்லும்.

முந்தானை ஓரத்தில் ஒரு முடிச்சு இன்னும் அவிழாமல் இருக்கிறது. அவிழ்க்க மனசு வரவில்லை.